நான் திருப்பி அனுப்பிய கதை

கூலிம் பேருந்து நிலையக் கடையில் தேநீர் குடிக்கிறேன். மாலையில் நம் மலேசியத் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களின் வரலாற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஒரு பெண்மணி அருகில் வந்து தன் பெயரைச் சொல்கிறார். நான் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது ரப்பர் தோட்டத்திலிருந்து கதை அனுப்பியவர். கதை நன்றாக இருந்ததாலேயே சந்தேகப்பட்டேன். "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்குக் காது சுடுகிறது. "அப்புறம் எழுதலையாம்மா?"

"எழுதுறேன் சார். எங்கயும் அனுப்புறதில்ல லா. கம்பெனி பஸ்ல வாசிப்பேன், ஷிப்ட் அக்காங்க கேப்பாங்க."

"எனக்கு ஒண்ணு குடுங்களேன்."

"வேணாம் சார். கேக்க ஆளுங்க இருக்காங்க."

பஸ் வருகிறது. மன்னிப்புக் கேட்க நான் எழுவதற்குள் அவர் ஏறிவிடுகிறார். உள்ளே பெண்கள் நகர்ந்து அவருக்கு நடுவில் இடம் விடுகிறார்கள்.