புகை போடுகிறவர்

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரர் காலத்து மாட்டுக் கொட்டகை ஒன்று இன்னும் பாவனையில் இருந்தது. அதைப் புராதனக் கட்டடமாகப் பதிவுசெய்ய, யாழ்ப்பாணத்துக்காரரான என் மேலதிகாரியோடு போயிருந்தேன். மாடுகளைப் பார்ப்பவர் குட்டையானவர், தலையில் சாக்கு. யார் என்ன கேட்டாலும் பக்கத்திலிருக்கும் மாட்டைத் தடவிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மரத்தூண்களில் கறையான் தொட்ட அடையாளமே இல்லை. மேலதிகாரி அசந்துபோனார்.

"இதுக்கு என்ன மருந்து அடிக்கிறனீங்கள்?"

அவர் மாட்டைத் தடவினார். "மருந்து இல்லீங்க. நுளம்பு கடிச்சா இதுக பால் தராது. அதனால அந்திக்குப் புகை போடுவேன்."

"நல்லது, அந்தப் புகைதான் கறையானையும் அண்ட விடேல்லை. ஆனா இனி இது நாட்டின்ர சொத்து. மாடு கட்டேலாது. புகையை மட்டும் விடாமல் போடுங்கோ."

இந்தத் தடவை அவர் நெடுநேரம் தடவினார்.

"போடுறேங்க ஐயா. நுளம்பு கடிக்க யாரைக் கட்டிவைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சிரிப்பை மறைக்க நான் இருமினேன். மேலதிகாரி பதிவுப் படிவத்தை எடுத்து, பராமரிப்புக்குத் தேவையானவை என்ற இடத்தில் 'மாடுகள்' என்று எழுதினார்.

அந்த மனிதர் வெகுளியாகக் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று பஸ் பேராதனைக்கு வரும்வரை நாங்கள் இருவரும் வாதாடினோம். எனக்கு இன்றுவரை தெரியாது.