விளக்குத் தவளையைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கு

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. கௌரவமாக வேறு ஏதாவது காரணம் எழுதலாம் என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை.

சுரேன் கொள்ளுப்பிட்டியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவன், என் வயதுக்காரன். தொண்ணூறுகளில் ஜப்பானில் வந்த விளையாட்டு அட்டைகளைச் சேர்க்கும் பைத்தியத்தை அவனுக்குத் தொற்றவைத்ததே நான்தான். எனக்குப் பதினொரு வருடப் பைத்தியம், அவனுக்கு இரண்டு வருடம். போன வருடம் என்னிடம் இருந்த ‘விளக்குத் தவளை’ அட்டையை அவனுக்குச் சும்மா கொடுத்தேன். இந்த அட்டைகளின் வலது கீழ் மூலையில் வட்டமோ நட்சத்திரமோ ஒரு சின்னக் குறி இருக்கும், அட்டை எவ்வளவு அரிது என்று காட்ட. அந்தத் தவளையில் குறியே இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

பிழை அட்டையில் இல்லை, என்னில்தான். முதன்முதலாக அச்சடித்த அட்டைகளில் குறி போடவில்லையாம், பிறகுதான் சேர்த்தார்களாம். குறி இல்லாததுதான் மூத்தது, விலையும் பல மடங்கு. சுரேன் ஏதோ ஜப்பானியப் பட்டியலைத் துருவிக் கண்டுபிடித்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டான். கீழே ‘மச்சான் தந்தது, கைராசிக்காரன்’ என்று என் பெயரையும் எழுதினான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் ஒரு கைதட்டலைத் தட்டிவிட்டேன். வயிறு பற்றி எரிந்தது.

எனக்கும் குறியில்லாத தவளை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். சுரேன் சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்குப் போவான் என்று தெரியும். நான் காலையிலேயே கிளம்பினேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் 9.10க்கு 155 பஸ். நான் போன அன்று 90 ரூபாய். தூரம் பதினொரு கிலோமீற்றர்தான், ஆனால் இறங்கும்போது 10.25. மருதானை வரை நின்றுகொண்டே போனேன். ஓட்டோவில் போனால் முக்கால் மணித்தியாலம், 1,150 ரூபாய். பொறாமை பிடித்தவனுக்கும் கஞ்சத்தனம் இருக்குமே, பஸ்ஸில்தான் போனேன்.

கடை ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, வாசலில் ஜப்பான் குடைகள் தொங்கும். துறைமுகத்தில் இறங்கும் பழைய ஜப்பான் வாகனங்களுக்குள் என்னென்னவோ கிடக்கும். குடை, பாட்டுத்தட்டு, சில்லறை நாணயம், சீட்டுக்கடியில் பிள்ளைகள் தவறவிட்ட அட்டை. வாகனம் துப்புரவு செய்கிறவர்களிடம் அதையெல்லாம் மொத்தமாக வாங்கி விற்கிறார் றெஜி அண்ணை.

“அட்டை எல்லாம் இப்ப வாறதே குறைவு தம்பி,” என்றார் அவர். “சுரேன்னு ஒருத்தர் சனிக்கிழமைல வருவாரு. வந்த சாமானை எல்லாம் பிரிச்சு அடுக்கித் தந்துட்டுத்தான் தனக்கு ஏதும் இருக்கான்னு பார்ப்பாரு. தங்கமான ஆள்.”

அவனுக்கு அதிர்ஷ்டம் என்று இரண்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று எரிச்சலாக வந்தது. இரண்டு மணித்தியாலம் பெட்டிகளைக் கிண்டினேன். பற்பசையோடு இலவசமாகக் கொடுத்த விளம்பர அட்டை ஒன்று கிடைத்தது, 300 ரூபாய். தவளை இல்லை.

மீதிக் காசு எடுக்க றெஜி அண்ணை மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ‘சுரேன்’ என்று எழுதிய உறை. அதன் வாயில் பச்சை நிறக் கால் ஒன்று தெரிந்தது.

“அது சுரேனுக்கு எடுத்து வச்சது. போன கிழமை ஒரு வேன் சீட்டுக்கடியில இருந்து வந்தது. நாலாயிரம் பேசியிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். தவளை. வலது கீழ் மூலை வெறுமை. அவனிடம் ஏற்கனவே ஒன்று, அதுவும் நான் கொடுத்தது, இப்போது இரண்டாவதா?

“சுரேன்தான் அண்ணை என்னை அனுப்பினவன். எடுத்துக்கொண்டு வரச் சொன்னவன்.”

“அப்படியா? அவர் சொல்லவே இல்லையே.”

“மறந்திருப்பான்.”

நாலாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, கஞ்சத்தனத்தையும் மறந்து ஓட்டோவில் ஏறினேன். வீடு வரும்வரை சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆல்பத்தில் செருகி, குழுவில் போடப் படமும் எடுத்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இதை எப்படிப் போடுவேன்? எவனுக்குக் காட்டுவேன்? காட்ட முடியாத அட்டை கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத சோறுதான்.

நாலு மணிக்குச் சுரேன் எனக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், என்ர தவளையை ஆரோ என்ர பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிட்டாங்களாம்.”

“அட, ஆரடா?”

“தெரியேல்லை. உன்னட்டைச் சொல்லோணும் போல இருந்தது. சரி, திங்கள் பாப்பம்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றிரவே அட்டையை ஆல்பத்திலிருந்து உருவி உறைக்குள் போட்டேன். மறுநாள் ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்து பதினொரு மணிக்குத்தான் கடை திறக்கும். 155இல் மறுபடி போய், உறையை மேசையில் வைத்தேன்.

றெஜி அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து சுரேன் வந்தப்ப ஆள் எப்படி இருந்தாருன்னு கேட்டாரு. உயரம், தடிச்ச கண்ணாடி, பேசும்போது காதைச் சொறிவாருன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு. ‘காசு குடுத்தாரா? அப்ப விடுங்க அண்ணை. என்னைவிட அவருக்குத்தான் அது தேவை’ன்னாரு.”

அப்படியென்றால் என்னோடு போனில் கதைக்கும்போதே அவனுக்குத் தெரியும். நானாகச் சொல்வேனா என்று பார்த்திருக்கிறான். நானோ ‘ஆரடா’ என்று கேட்டிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னால், அதற்குள்ளும் பொறாமைதான் தலை தூக்கியது. நல்ல மனசிலுமா இவன் என்னை முந்த வேண்டும்?

நாலாயிரத்தைத் திரும்ப வாங்கினேன், உறை இழுப்பறைக்குப் போனது. திங்கட்கிழமை சுரேன் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலத் தன் சாப்பாட்டிலிருந்து மீன் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்தான். நானும் வாய் திறக்கவில்லை, தின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை எட்டரைக்கு முன் பஸ் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். கையில் காசு கொண்டு போங்கள், கடையில் வங்கிக் காட் மெஷின் இல்லை. பெட்டிக்குள் தூசு அதிகம், முகக்கவசம் நல்லது. அட்டையின் வலது கீழ் மூலையைப் பார்க்காமல் எதையும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இழுப்பறையில் பெயர் எழுதிய உறை ஒன்றைக் கண்டால் விலை கேட்காதீர்கள்.

மூன்று சனிக்கிழமை கழிந்துவிட்டது. அவன் இன்னும் அதை எடுக்கவில்லை. எனக்காக விட்டுவைத்திருக்கிறானாம், றெஜி அண்ணைதான் சொன்னார். சுரேன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன். டேய், அண்டைக்குப் பொய் சொல்லி எடுத்தது நான்தான், வாயால சொல்ல ஏலாமல்தான் இங்க எழுதுறன். போய் உன்ர அட்டையை எடுடா. நீ எடுக்காமல் நல்லவனா இருக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குப் பற்றிக்கொண்டு வருது.