விளக்கில்லாத மைக்

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைக்குப் போனால் இன்றைக்கும் நான் முதலில் கேட்பது ஒரு சிவப்பு எல்இடிதான். என்ன செய்யப்போகிறேன் என்று முடிவாவதற்கு முன்பே அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்று காட்ட ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு தடவை அதை வேண்டாம் என்று ஒதுக்கினேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது தேனியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். படிப்பு சுமார்தான், ஆனால் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துவிட்டால் எனக்கு என்னைப் பற்றிய நினைப்பே வேறு. தங்கச்சிக்குச் சடங்கு வைத்தபோது, ஒயர் இல்லாத மைக் ஒன்றை நானே செய்து தருகிறேன் என்று சவடால் விட்டேன். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகு செய்யாமல் தப்பிக்க முடியாது.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சாமான் கடை. பவருக்கு என்ன போடுவது என்பதிலேயே ஒரு மத்தியானம் போனது. பென்சில் செல் நாலு போட்டால் சட்டைப்பை தொங்கிவிடும், ஆகவே ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி. ரேடியோ பாகத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர், பேனா ரீஃபிலில் சுற்றிக்கொள்ளச் செம்புக் கம்பி, அலைவரிசையை நகர்த்த ஒரு ட்ரிம்மர். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் எஃப்எம் எங்கள் பக்கத்து ரேடியோக்களில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதற்குத் தள்ளி, சும்மா கிடக்கிற இடமாகப் பார்த்து என் மைக்கை உட்கார வைக்க வேண்டும். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

கடைக்காரர் சாமானோடு ஒரு சிவப்பு எல்இடியும் குட்டி சுவிட்சும் எடுத்து வைத்தார். நான் இரண்டையும் திருப்பித் தள்ளினேன். மற்ற சாமான் எல்லாம் சேர்ந்து குடிக்கிற கரண்டை அந்த ஒற்றை விளக்கே குடித்துவிடும், பேட்டரி சடங்கு முடியும்வரை நிற்காது என்பது என் கணக்கு. கணக்கில் தப்பில்லை. சுவிட்ச் வைத்தால் டப்பா பெரிதாகிவிடும், வேலை முடிந்ததும் பேட்டரி தலையில் மாட்டுகிற ஒயர் மூடியைப் பிடுங்கிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

"ஓடுதா நிக்குதான்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டார்.

"செஞ்சவனுக்குத் தெரியாதாண்ணே?" என்றேன். எவ்வளவு வாய் பாருங்கள்.

அம்மாவுக்கு மைக்கும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அவளுக்கு ஒரே கவலை அவள் அண்ணன். மாமா மேகமலையில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார், எஸ்டேட் லைன் வீட்டில் குடும்பம். எங்களில் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் சடங்கு தொடங்காது. அவர் வரவேண்டும், பிள்ளைக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும், இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாரும் அவரை ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. இதை அம்மா எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு மச்சானைக் கேலி பேசாவிட்டால் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

சடங்கு அன்று காலையில் மைக்செட்காரர், நான் மைக்கில் பேசுவதைப் பிடிக்க என் ரேடியோவைத் தன் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கொடுத்தார். நான் பத்தாவது பாஸானதற்கு மாமா வாங்கித் தந்த ரேடியோ அது. மைக்கில் பேசினேன். பந்தலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய் 'கீச்' என்று காதைக் கிழித்தது. மைக்கும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் கத்தும். மைக்செட்காரர் பந்தல் குழாயின் ஒயரைக் கழற்றிவிட்டு, தெருமுக்கில் பிள்ளையார் கோயில் பக்கம் கட்டியிருந்த குழாயை மட்டும் ஓடவிட்டார். மறுபடி பேசினேன். முக்கிலிருந்து ஒருத்தர் கையைத் தூக்கி, நன்றாகக் கேட்கிறது என்று காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே கூப்பிட்டார். டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பேட்டரி மூடியைப் பிடுங்கிவிட்டதாகத்தான் நினைப்பு. பிடுங்கவில்லை. பையைப் பார்த்தால் தெரிகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

உள்ளறையில் அப்பா பரண்மேல் இருந்த தாம்பாளங்களை எடுத்துக் கொடுக்க, நான் துடைத்து அடுக்கினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏலே, உங்க மாமன் சீரு எப்படி இருக்கும்னு நினைக்கிற? தாம்பாளத்துல தேயிலைத் தூளப் பரப்பிக் கொண்டாருவாக பாரு" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "பாலு நம்ம ஊத்திக்கிருவோம்ப்பா" என்றேன். அப்பா பரணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்ததில் எனக்கு ஒரே பெருமை.

மைக்செட்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்து என் சட்டைப்பையைக் காட்டினார். "தம்பி, மைக்கு ஓடுதுப்பா. முக்குல பேசிக்கிட்டிருக்கு."

மூடியைப் பிடுங்கினேன். முக்கில் யார் இருந்தது என்று அப்பா கேட்டார். டீக்கடையில் நாலு பேர், கோயில் பக்கம் மறைவு, தெரியவில்லை என்றார் அவர். மலையிலிருந்து பஸ் இறங்க இன்னும் நேரம் இருந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா காதுல போட்டுறாத" என்றார். தப்பித்தோம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் சீர் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. சீர்க்காரர்கள் பிள்ளையார் கோயிலில் நிற்பதும், மேளம் போய் அழைத்து வருவதும் எங்கள் வழக்கம். மாமா முன்னால் வந்தார், வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பின்னால் அத்தையும் சொந்தக்காரர்களும் தட்டு ஏந்தி வந்தார்கள். பட்டுச் சேலை, வளையல், பழம், ஒரு ஜோடி தங்கத் தோடு. யாரும் குறை சொல்ல முடியாத சீர். அத்தை கையில் இருந்த தட்டில் மட்டும் கொஞ்சம் மல்லிகைப் பூ கிடந்தது, வேறொன்றும் இல்லை. "வெறுந்தட்டை என்னத்துக்குத் தூக்கிட்டு வாராக?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா எல்லாம் முறைப்படி செய்தார். தங்கச்சி தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். அப்பாவிடம் சிரித்தே பேசினார். பந்திக்குக் கூப்பிட்டபோது மட்டும், "பஸ்ஸு போயிரும் ஆத்தா, விட்டா மலைக்கு வண்டி கிடையாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா தெருமுக்கு வரை பின்னாலேயே போனாள். "கை நனைக்காமப் போறாகளே" என்று திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மேகமலை பஸ்ஸின் கதை ஊருக்கே தெரியும் என்பதால், அது நிஜமான காரணம் என்றே நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

மாதம் திரும்பியதும், அண்ணனைப் பார்த்துவிட்டு வா என்று அம்மா என்னைப் பலகாரத்தோடு அனுப்பினாள். அந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன். மாமா லைன் வீட்டு வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். படிப்பை விசாரித்தார். பிறகு, "அந்த மைக்கு இப்ப எங்க மாப்ள?" என்றார்.

எனக்கு உற்சாகத்தில் மலைக் குளிரே பறந்துவிட்டது. டிரான்சிஸ்டர், காயில், பேட்டரி எல்லாம் விளக்கினேன். "அவ்வளவூண்டு டப்பாதான் மாமா, முக்கு வரைக்கும் துல்லியமாப் பேசுச்சு" என்றேன்.

"ஆமா, துல்லியம்தான்" என்றார் மாமா.

அத்தை டீ கொண்டு வந்தாள். அப்படி ஒரு வாசனையை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. அருமையான தூளு அத்தை என்றேன்.

"சடங்குத் தட்டுல வைக்கன்னு மாமா ஃபேக்டரியில சொல்லிவச்சு வாங்குனாகய்யா, ஏலக்காயும் சேத்து. நேரத்துக்கு வரணுமேன்னு முந்துன நாளே இறங்கிச் சின்னமனூர்ல தங்கி, விடியவும் உங்க பிள்ளையார் கோயிலுக்கு வந்துட்டோம். அங்கன நிக்கும்போதுதான்..." என்று ஆரம்பித்த அத்தை மாமா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "பெறகு ஏன் அத்தை தட்டுல வைக்கல?" என்று கேட்டேன்.

மாமா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபம் இல்லை.

"பாலு நாங்களே ஊத்திட்டோம் மாப்ள. ஆறிரும், குடி."

குடித்தேன். மத்தியானம் சோறும் போட்டார்கள், தின்றேன். மாமா மாதிரி கை நனைக்காமல் எழுந்து வருவதற்கு என்னிடம் என்ன நியாயம் இருந்தது?