லத்தியின் சூடு

அல்லிநகரத்து வீட்டில் இன்று காலை, வெயிலில் கிடந்த ஈரச் சாக்கை வெறுங்காலால் மிதித்தேன். இதே இளஞ்சூட்டைச் சின்ன வயதில், கம்பம் மலையடிவாரத்திலிருந்து காட்டு வழியே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் மிதித்திருக்கிறேன். இப்போது ஆட்கள் ஜீப்பில் போகிறார்கள். பாதையை உன்னிச்செடி மூடிவிட்டது.

பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவோடு போவேன். பொழுது புலரும் நேரத்தில், இரண்டு பக்கத்துப் புதர்களும் உரசி உடம்பை நனைக்க, அட்டை ஏறாமலிருக்கக் காலில் தடவிய புகையிலைத் தண்ணீர் நாற, பத்துப் பன்னிரண்டு பெண்கள் பேச்சில்லாமல் ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள். முன்னால் போகும் அம்மா, வழியில் யானை போட்ட லத்தி கிடந்தால் செருப்பை உதறிவிட்டு மிதித்துப் பார்ப்பாள். சுட்டால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது. எல்லோரும் திரும்பி, பாறை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அதற்குள் தோட்டத்தில் கங்காணி பேர் வாசித்து முடித்துவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது.

ஒரு நாள் ஏற்கனவே நேரமாகியிருந்தது. அம்மா மிதித்துவிட்டு, "ஆறிக் கெடக்கு, நடங்கத்தா" என்றாள்.

அடுத்து நானும் செருப்பை உதறிவிட்டு மிதித்தேன். சுட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏத்தா, எப்படி இருக்கு?" என்று எனக்குப் பின்னால் வந்த செல்லத்தாய் அத்தை கேட்டாள்.

"ஆறிருச்சு" என்றேன்.

அவளும் மிதித்தாள். கொஞ்சம் நின்றாள். பிறகு தனக்குப் பின்னால் வந்தவளிடம் அதையே சொன்னாள்.