மூடிய கண்ணின் பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி அலுத்துப்போயிருந்த நேரம். எழுந்தால் குமட்டல், படுத்தால் மூட்டுவலி. அவற்றில் ஒரு மாத்திரை கண் நரம்பைப் பாதிக்கலாம், நிறம் மங்கினால் உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார்.

அன்று காலை தங்கை கத்தினாள். "பழுத்த தக்காளி கேட்டா பச்சையா அள்ளிட்டு வந்திருக்க! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

நிறம் மங்கத் தொடங்கியிருந்ததை நான் மறைத்தேன். சொன்னால் மருந்தை மாற்றுவார்கள், சிகிச்சை இன்னும் நீளும். எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

அன்றே ஆஸ்பத்திரியில் மாதாந்திரக் கண் பரிசோதனை. அந்த அறையின் கதவு திறந்தே கிடந்தது. வெளியே கூட்டம். சோதிக்கும் அக்கா என்னை இடது கண்ணைக் கையால் மூடச் சொல்லி, நிறப்புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைப் பிரித்தார்.

"என்ன நம்பர்மா?"

வெறும் புள்ளிகள். எண்ணே இல்லை.

இடது காதருகே ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. "பன்னெண்டு..."

வரிசையில் நின்ற யாரோ இரக்கப்பட்டு உள்ளே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன்.

"சரி. இது?"

"எட்டு..."

"எட்டு."

"பரவாயில்லையே! இப்ப அடுத்த கண்ணை மூடு."

வலது கண்ணை மூடினேன். குரலும் வலப்பக்கம் வந்துவிட்டது. காலடிச் சத்தம் இல்லை.

"அஞ்சு..."

சொன்னேன். பிறகுதான் உறைத்தது. நாற்காலியின் வலப்பக்கம் சுவர். இடைவெளியே கிடையாது.

கடைசிப் பக்கம்.

எண் வரவில்லை.

காதில் குளிர்ந்த மூச்சு...

"இது எனக்கும் தெரியல."

கையை எடுத்தேன்.

சுவர்தான்.

"அக்கா, எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே எதுவும் தெரியலக்கா!" அழுதுவிட்டேன்.

"பின்ன எப்படி எல்லாம் சரியா சொன்ன?"

குரலைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். அன்றே அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். நிறங்கள் மெல்ல மெல்லத் திரும்பின.

அடுத்த முறை போனபோது அந்தக் குரல் யாருடையது என்று நானே கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. அதுக்கும் சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்திருக்கு. நம்பரை எல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிருக்கு. எங்களுக்குத் தெரியல. பார்வை போயிடுச்சு. ரோட்டைக் கடக்கும்போது வண்டி வந்தது தெரியாம..."

நான் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தக் கடைசிப் பக்கம்?"

"அந்தப் பொண்ணு போனதுக்கு அப்புறம்தான் சேர்த்தோம்."