அக்கா ஆற்றிய கடல்

கடலைப் பார்க்காமலே பத்து வயதை எட்டிவிட்டேன் என்று நான் அழுததால், மாமா கடலை எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பியான அவர், றொசல்லைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தின் தேயிலைப் பெட்டிகளைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லும் லொறியின் சாரதி. வாக்குக் கொடுப்பதிலும், கொடுத்த வாக்கை வேறு விதமாக நிறைவேற்றுவதிலும் வல்லவர். "அடுத்த நடை கடலக் காட்டுறேன்டா மருமகனே" என்று சொல்லிச் சென்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய கேன்களையும் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பவளக்கல்லையும் வாசலில் இறக்கினார்.

"இந்தா, கடலு. நல்லாப் பாத்துக்க."

லயத்து வரிசை வீடுகள் முழுவதும் சிரித்தன. அவமானம் தாளாமல் கல்லை உதைக்கக் காலை ஓங்கினேன். அப்போது கல்லின் துளையொன்றிலிருந்து, காம்பின் நுனியில் பொருத்தியவை போன்ற இரண்டு கண்கள் வெளியே வந்தன. ஒன்று என்னைப் பார்த்தது. மற்றது தன்போக்கில் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா இரண்டடி பின்வாங்கினார். இது அவருடைய திட்டத்தில் இல்லாதது.

அது ஓர் இறால் வகை. பச்சை உடல், சிவந்த கால்கள், கும்பிடுபூச்சியைப் போல மார்போடு மடக்கி வைத்த முன்கைகள். நாங்கள் அதைக் கும்பிடு இறால் என்றே அழைத்தோம். அந்த வணக்கம் எவ்வளவு பொய்யானது என்பது மறுநாளே தெரிந்தது. கடையிலிருந்து இரவலாக வாங்கிய முட்டாய்ப் போத்தலில் அதை விட்டிருந்தோம். ஒரே குத்தில் போத்தல் விரிசல் கண்டது.

அதற்கு வீடு அமைத்தவள் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கொழுந்து பறிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, அங்கே தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் அனுமதி பெற்று, மூலை உடைந்த தேயிலைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதன் உள்ளே, தேயிலைக் கன்றுகளுக்கு மூடும் பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்தாள். எங்கள் குளிரைக் கடல்பிராணி தாங்காதென்று, அடுப்புச் சுவரோடு ஒட்டிப் பெட்டியை வைத்தாள். கல்லை நடுவில் இறக்கி, ஒரு கேன் நீரை ஊற்றினாள்.

இறால் அடிக்கடி மேலே வந்து தவித்தது. அக்கா சற்று நேரம் பார்த்திருந்தாள். பின்பு சொம்பில் நீரை மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, தேநீரை ஆற்றுவதைப் போல நுரை எழ ஊற்றினாள். இறால் அடங்கியது. அன்றிலிருந்து விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தரம், சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தரம், மாலையில் கூடையை இறக்கியதும் ஒரு தரம் கடல் ஆற்றப்பட்டது. உணவுக்கு ஓடையிலிருந்து நத்தை பிடித்துப் போடுவது என் கடமை. அது ஓட்டை உடைக்கும் சத்தத்தைக் கேட்க அடுத்த லயத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். நான் அவர்களை வரிசையில் நிறுத்தி உள்ளே விட்டேன்.

அந்த அதிகாரம்தான் என்னைக் கெடுத்தது. பெட்டியில் நீர் குறைந்திருப்பதைக் கண்டு, யாரையும் கேளாமல், இரண்டாவது கேனில் இருந்ததைச் சிறிது சிறிதாக ஊற்றிவந்தேன். ஒரு மாலை அக்கா கரண்டியில் நீரை எடுத்து, டீமேக்கர் தேநீரைச் சுவைப்பதாக அப்பா நடித்துக் காட்டுவாரே, அதே போலச் சத்தத்தோடு உறிஞ்சி, நாவில் புரட்டி, வாசலில் துப்பினாள்.

"டேய், என்னாடா ஊத்துன? வந்த அன்னிக்கு இந்த ருசி இல்லையே."

"கடல் தண்ணிதான்க்கா."

"தண்ணி ஆவியாப் போகும். உப்பு எங்கடா போகும்? அங்கயேதான கெடக்கும்!"

பாதி நீரை இறைத்து, காய்ச்சி ஆறவைத்த ஓடைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, உறிஞ்சித் துப்பி, பழைய ருசிக்குக் கொண்டுவந்தாள். ஆனால் இறால் கூழாங்கற்களால் தன் வாசலை அடைத்துக்கொண்டது. நான் போட்ட நத்தைகள் உயிரோடு ஊர்ந்தன. மாமா மறுபடி வந்த நாளின் காலையில், கல்லுக்கு வெளியே அது மல்லாந்து கிடந்தது. கண்களும் கைகளும் அப்படியே இருந்தன. அசைவு மட்டும் இல்லை.

நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தெரியும். அழக்கூட முடியவில்லை.

"செத்துப்போச்சு. கல்ல நான் எடுத்துக்கிறேன்" என்றார் மாமா.

"அடுப்படியில பொணத்த வச்சுக்கிட்டா சோறாக்குறது? மொதல்ல கொட்டுங்க" என்றாள் அம்மா.

அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "கனமே இல்ல மாமா. இது சட்டை. ஆளு உள்ள இருக்கு."

"சட்டை உரிக்க அது என்னா பாம்பா?"

"கொழுந்த அள்ளுனாலே எத்தன றாத்தல்னு சொல்லிருவேன். இந்தக் கைக்கு உசுரு கனம் தெரியாதா?"

மாமா கல்லை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவர் அடுத்த நடை வரும்வரை, அதாவது இரண்டு வாரம், அம்மா தவணை கொடுத்தாள்.

அக்கா தொடர்ந்து ஆற்றினாள். நாள் தவறாமல் மூன்று தரம். துளையில் அசைவில்லை. "செத்த இறாலுக்கு டீ ஆத்துறாடி. ரெண்டு கரண்டி சீனி போட்டு ஆத்து, எந்திரிச்சு வரும்!" என்று பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று கேலி செய்தார். அக்காவும் சிரித்தாள். சொம்பைக் கீழே வைக்கவில்லை.

தவணை முடிந்தது. மாமா சாக்கோடு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டார். 'டக்' என்றொரு சத்தம்.

"ஐயோ, அக்கா!" என்று அவர் தன் அக்காவை, என் அம்மாவை, கூப்பிட்ட குரல் மலையில் மோதித் திரும்பியது. பெருவிரலில் இரத்தம். கல்லின் வாயில், முன்னிலும் பளிச்சென்ற பச்சையில், இறால் எங்களைக் கும்பிட்டபடி நின்றது.

மாமா அந்தக் கட்டுப்போட்ட விரலைத் தோட்டம் முழுவதும் காட்டித் திரிந்தார். டீமேக்கரே எங்கள் லயத்துக்கு வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். அப்பா அன்று பேசியதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. நானோ, உயிரைக் கையில் நிறுத்துச் சொல்லும் ஒருத்திக்குத் தம்பி என்று பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு நாள், அவள் சொம்போடு நின்றபோது கேட்டேன்: "எப்புடிக்கா கனத்த வச்சுக் கண்டுபிடிச்ச?"

"போடா. அது மாமா வாய அடைக்கச் சொன்னது. இருக்கா இல்லையான்னு எனக்கு என்னா தெரியும்?"

"அப்ப ஏன் ஊத்துன?"

"நான் நிறுத்தி, உள்ள அது இருந்திருந்தா?"

எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தில் பழைய கதையையே சொன்னேன். பின்னர் என் மாணவர்களுக்கும், என் பிள்ளைகளுக்கும், அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவந்தேன்.

சென்ற மார்கழியில் அக்கா இறந்தாள். அதற்கு முந்திய ஏழு வாரங்கள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தாள். நான் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் பஸ் ஏறிச் சென்று, ஈரப்பஞ்சால் அவள் உதடுகளை நனைத்து, தோட்டத்துச் செய்திகளைச் சொன்னேன். "அவங்களுக்குத் தெரியுதுன்னு நெனைக்கிறீங்களா சார்?" என்று தாதியொருத்தி பரிவோடு கேட்டாள். 'நான் நிறுத்தி, உள்ள அது இருந்திருந்தா?' என்ற அக்காவின் விடை என் நாவின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் பஞ்சை மறுபடி நனைத்தேன்.

பத்து வயதில், அந்த விடை பெருமையாக வெளியே சொல்லத் தக்கதல்ல என்று நினைத்திருந்தேன். இப்போது இந்தக் கதையை அந்த விடையோடுதான் சொல்கிறேன்.