உள்தாழ்ப்பாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பம்மா என்று பெயர். படுக்கை விரிப்பை அவள் மடித்து அடுக்கினால் ஓரம் ஒரு நூல் பிசகாது. வாய் மட்டும் எதற்கும் மடங்காது. விடிகாலை ஐந்துக்குப் போய், முதல் ஈடு துணியை முடித்துவிட்டு எட்டுக்கு வீடு திரும்புவாள். போகும்போது கதவை வெளியே பூட்டிவிடுவாள். உள்ளே மகள் தூங்குவாள்.

அந்த வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பகலில், கடைக்குப் போய்த் திரும்பியவள் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே தாழ் போட்ட புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தான். எதிர்வீட்டு டிரைவர் கடப்பாரையால் நெம்பித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாழ்ப்பாளைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். ராத்திரி கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுப்பாள். வெளியே போனால் சாவி இடுப்பில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

மகளின் பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கும் ஓர் ஏற்பாடு. அங்கிருந்து வரும் பிள்ளை இரண்டு வாரம் இந்த வீட்டில் தங்கும். பிறகு இந்த வீட்டுப் பிள்ளை அங்கே போய்த் தங்கும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். மகள் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

வந்த பெண் நெடுநெடுவென்று இருந்தாள்.

"என்னடி, கொக்கு மாதிரி ஒண்ண அனுப்பியிருக்காங்க! கட்டில தாண்டிக் கால் நீட்டுதே."

"அம்மா, சும்மா இரு. அவளுக்குப் புரிஞ்சிடும்."

"புரியட்டும். காலை மடக்கிப் படுக்கட்டும்."

சொன்னாளே தவிர, கட்டிலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, மெத்தென்று துணி மடித்து வைத்தவளும் அவள்தான்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் ஓடப் போகலாமென்று ஷூ மாட்டினாள். கதவு திறக்கவில்லை. மகளை எழுப்பினாள். "அம்மா எட்டு மணிக்கு வந்து திறப்பாங்க" என்று சொல்லிவிட்டு மகள் திரும்பிப் படுத்தாள். அவளுக்கு இது தினசரி நடப்பு. மற்றவளோ அழுதுகொண்டே தன் டீச்சருக்குப் போன் போட்டாள்.

மடிப்பம்மா வந்தபோது, அந்த டீச்சர் சொல்லி ஓடி வந்த மகளின் டீச்சர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"எதுக்கும்மா பூட்டினீங்க? தீப் பிடிச்சா பிள்ளைங்க எப்படி வெளிய வரும்?"

மடிப்பம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். தான் உள்ளே போக வழி வேண்டுமென்றுதான் நாலு வருஷமும் நினைத்தாள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமென்று ஒருநாளும் தோன்றவில்லை.

"உள்ள தாழ் போட்டா நான் எப்படி வர்றது டீச்சர்?" என்றாள். கதவைத் திறந்து, உட்புறம் இருந்த நாலு ஆணித் துளைகளைக் காட்டினாள்.

எதிர்வாசலில் நின்ற டிரைவர், "நான்தாங்க உடைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டீச்சர் அந்தத் துளைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "இனி வெளிய பூட்டக் கூடாது, சாயங்காலத்துக்குள்ள உள்தாழ்ப்பாள் இருக்கணும்மா. இல்லேன்னா அந்தப் பிள்ளைய வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. உங்க பொண்ணு பயணமும் நின்னுடும். என் கையில இல்ல."

மகள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. தலையணைக்கு அடியிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் கத்தியிருந்தால்கூட மடிப்பம்மா தாங்கியிருப்பாள்.

மத்தியானம் தச்சர் வந்தார். "பழைய துளையே இருக்கே, அதுலயே மாட்டிடலாமா?"

"அது அவரோட போகட்டும். ஒரு சாண் மேல போடு."

சாயங்காலம் டீச்சர் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் விடிகாலை மடிப்பம்மா வெளியே வந்தாள். பின்னால் கொக்குப் பெண் தாழ் போட்டாள். தாழ் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கால் படியிறங்க மறுத்தது. திரும்பித் தட்டினாள்.

கதவு உடனே திறந்தது. கொக்குப் பெண்ணுக்குப் பக்கத்தில் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. திறக்குதான்னு பார்த்தேன்."

"திறக்குது. போம்மா."

நாலு படி இறங்கினாள். மறுபடி ஏறி வந்து தட்டினாள். இந்தத் தடவை கொக்குப் பெண் மட்டும் நின்றாள். தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள். போட்டாள், திறந்தாள். மடிப்பம்மா தலையசைக்கும்வரை நிறுத்தவில்லை.

அன்றைக்குச் சலவைக்கூடத்தில் அவள் மடித்த முதல் விரிப்பு இரண்டு விரற்கடை பிசகி நின்றது. உதறிப் பிரித்து, மறுபடி மடித்தாள்.